பகலில் எரிந்த தெருவிளக்கு

செவக்காட்டூர்ப் பேரூராட்சி அலுவலகத்தில் நாலு ஜன்னல் உண்டு, அதில் மூன்று பழைய பதிவேட்டு அலமாரிகளுக்குப் பின்னால் மறைந்துபோய்ப் பல வருடமாகிறது, மிச்சமிருந்த ஒன்றுக்கு வெளியே ஒரு வேப்பமரம் நின்றது, அந்த ஜன்னலை ஒட்டிக் கிடந்த மேசை அலுவலகத்திலேயே அதிக வருடம் வேலை பார்த்தவருக்குத்தான் என்பது எழுதாத சட்டமாக இருந்தது. செயல் அலுவலருக்குத் தனி அறையும் குஷன் நாற்காலியும் இருந்தாலும் அந்த மேசைமேல் அவருக்கு உரிமை கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவு பார்க்கும் சங்கரவடிவு அந்த மேசைக்காக இருபத்திரண்டு வருடம் காத்திருந்தாள். முன்னால் இருந்தவர் ஓய்வுபெற்ற அன்று, அவருக்குப் போட்ட மாலை வாடுவதற்குள் தன் பேனாவையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. நிம்மதியாக அவள் அங்கே உட்கார்ந்திருந்தது சரியாக ஏழு மாதம்.

ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்த வருடம் அது. சித்திரை மாதத்தில் ஒரு முற்பகல், காற்றாடி நின்று, எல்லோரும் பழைய சுற்றறிக்கைகளால் விசிறிக்கொண்டிருந்தபோது, சங்கரவடிவின் அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பி நெஞ்சில் ஏறி, கழுத்து வழியாகக் காதுமடலில் வந்து நின்றது. ரவிக்கை முதுகோடு ஒட்டியது. அந்த நேரத்தில் அவள் தலைக்கு மேலிருந்த டியூப்லைட் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தது. வரிசையில் நின்றவர்கள் "கரண்டு வந்துட்டு" என்றார்கள். நாலு நிமிடம் கழித்து அது அணைந்தபோது "போயிட்டு" என்றார்கள். வருவதும் போவதும் கரண்டின் சுபாவம் என்பதால் அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

தட்டச்சு பார்க்கும் ஜெசிந்தாதான் கண்டுபிடித்தாள். விளக்கு எரியும்போதும் கம்ப்யூட்டருக்குக் கீழே இருக்கும் பேட்டரிப் பெட்டி கரண்ட் இல்லை என்று கத்திக்கொண்டே இருக்கிறது, விளக்கு எரியும்போதெல்லாம் வடிவக்காவின் காது சிவந்திருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். சேர்த்துப் பார்த்ததை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்கலாம். அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது, தெரியவில்லை, சொல்லிவிட்டாள்.

செயல் அலுவலர் திரவியம் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார். விளக்கு எரிந்தது. அரசு வேலையில் முப்பது வருடம் இருந்தவர், எதற்கும் அதிர்ச்சியடையாத மனிதர், விளக்கையும் சங்கரவடிவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நேரம் தாங்கும்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் தன்னைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "தாங்கல சார்" என்றாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பெண் டாக்டர் இருந்தார், சின்ன வயது, நல்ல மாதிரி. "மாதவிலக்கு நிக்கிற நேரம்மா. சிலருக்கு ஒரு வருஷத்துல போயிடும், சிலருக்கு ஏழெட்டு வருஷம் இழுக்கும். காத்தோட்டமா உக்காருங்க, காப்பியைக் குறைங்க, பகல்ல கொஞ்சம் படுத்து எந்திரிங்க. ரொம்ப முடியலன்னா மறுபடி வாங்க, மருந்து இருக்கு" என்றார். விளக்கு எரிவதையும் சங்கரவடிவு சொன்னாள். டாக்டர் சீட்டில் 'இதர தொந்தரவு: விளக்கு எரிகிறது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். காத்தோட்டமான இடம் தனக்கு ஏற்கெனவே இருக்கிறதே என்ற தைரியத்தில் அவள் பஸ் ஏறி வந்தாள்.

வந்து பார்த்தால் ஜன்னல்தான் முதல் குற்றவாளி ஆகியிருந்தது. வேப்பங்காற்று அடித்தால் அவள் சூடு தணிகிறது, சூடு தணிந்தால் விளக்கு மங்குகிறது, இதை ஊரே வாசலில் நின்று ஒரு வாரம் பார்த்திருந்தது. விளக்கு எரிந்தால் காற்றாடி சுற்றும், காற்றாடி சுற்றினால் ஜெராக்ஸ் ஓடும், ஜெராக்ஸ் ஓடினால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஏன் ஓடாது என்று ஒருவர் கேட்டார், அந்தக் கேள்வி நியாயமாகத்தான் இருந்தது, ஏனென்றால் தெருக்குழாய்களில் பதினோரு நாளாகத் தண்ணீர் வரவில்லை. மறுநாள் 'நிர்வாக நலன் கருதி' என்று தொடங்கும் உத்தரவு ஒன்று வந்தது. சங்கரவடிவின் நாற்காலியும் பிறப்பு இறப்புப் பதிவேடுகளும் தொட்டிக்குக் கீழே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட, ஜன்னலே இல்லாத மோட்டார் அறைக்குப் போயின. தலைமை எழுத்தர் தன் டிபன் பாக்ஸைத் தற்காலிகமாக அந்த ஜன்னல் மேசையில் வைத்தார்.

ஊர் பழகிக்கொண்டது. ஊர்கள் பழகிக்கொள்ளும் வேகம் எனக்கு எப்போதும் எரிச்சலூட்டுவது. மாவு மில்காரர் சுடலைமணி முதலில் ஒரு ஒயரை இழுத்துக்கொண்டு வந்தார், பிறகு மில்லையே தொட்டிக்குப் பக்கத்தில் மாற்றினார், சலூன்காரர் வந்தார், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்கள் நாலும் வந்தன, செல்போன் சார்ஜர்கள் அறைச் சுவரில் கொத்துக்கொத்தாகத் தொங்கின. கல்யாண மண்டபத்தார் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் வைத்து, முகூர்த்த நேரத்தில் கொஞ்சம் மண்டபத்துப் பக்கம் வந்து உட்கார முடியுமா என்று பணிவாகக் கேட்டார்கள். வாசலில் எப்போதும் ஒரு ஆள் நின்று அவள் காதையே பார்த்துக்கொண்டிருப்பான், "காது செவந்துட்டு!" என்று அவன் கத்தினால் அடுத்த தெரு கத்தும், அடுத்த தெரு கத்தினால் அதற்கடுத்த தெரு கத்தும், பஜார் தெருவிலிருந்து பள்ளிவாசல் தெரு வரைக்கும், கீழத் தெருவிலிருந்து மாதா கோவில் தெரு வரைக்கும், காது செவந்துட்டு காது செவந்துட்டு என்று சத்தம் போய்க்கொண்டே இருக்கும், வீடுகளில் கிரைண்டர் சுவிட்சும் மிக்ஸி சுவிட்சும் தட்டப்படும், குழாயடியில் குடங்கள் நகரும். நாலு நிமிடம். சில நாள் ஆறு. அதற்குள் ஊர் தன் அரிசியை ஆட்டிக்கொள்ளும்.

போதவில்லை என்று ஆனபோது, எதனால் சூடு வருகிறது என்று ஆராய்ந்தார்கள். காப்பி குடித்தால் வருகிறது. டீக்கடையிலிருந்து மணிக்கு ஒரு சுக்குக் காப்பி இலவசமாக வந்தது. கோபம் வந்தால் வருகிறது. அதற்காகத் தெருக்குழாய் வால்வு திறந்துவிடும் ஆளை நியமித்தார்கள். அவன் தினம் பதினோரு மணிக்கு வாசலில் நின்று அவளையும் அவள் பிறந்த ஊரையும் பற்றி ஏதாவது மட்டமாகப் பேசுவான், மோட்டார் ஓடத் தொடங்கியதும் "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, டூட்டி" என்று கும்பிட்டுவிட்டுப் போவான். கழிவறைக்கு அவள் இருநூறு அடி நடந்து அலுவலகத்துக்குப் போகவேண்டும், போனால் மோட்டார் நின்றுவிடும், ஆகையால் அவள் எழுந்தாலே வாசலில் முகம் சுளித்தார்கள். நாலு மாதம் வராமல் இருந்துவிட்டுப் பத்து நாள் கொட்டுகிற இரத்தத்தை இந்த ஊரில் யாரிடம் சொல்வது. அவள் இரண்டு புடவை கொண்டுவந்தாள், சொல்லாமல் மாற்றிக்கொண்டாள்.

ஆடி மாதம் யாரோ கதவில் மஞ்சள் துணி கட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் ஏற்றியிருந்தார்கள். அவள் சூடத்தை ஊதி அணைத்துவிட்டுத் திரவியத்திடம் போனாள்.

"சார், நான் சாமியில்ல. எனக்கு என் மேசை வேணும்."

"சாமியாவே இருந்துட்டுப் போங்களேம்மா," என்றார் அவர், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல். "சாமி ஜன்னல் கேக்காது."

அவள் எழுதிக் கொடுத்தாள். ஜன்னலோர மேசையைத் திரும்பத் தரவேண்டும், வெளியே போகவர யாரிடமும் கேட்கத் தேவையில்லாமல் இருக்கவேண்டும், மதியம் அரைமணி தலைசாய்க்க அனுமதி வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் சீட்டையும் இணைத்தாள். மூன்று தரம் எழுதினாள், மூன்று தரமும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. ஊரில் ஆயிரத்து எண்ணூறு வீடு, அத்தனை வீட்டிலும் வடிவக்கா இன்றைக்கு எத்தனை தரம் எரிந்தாள் என்று தெரியும். தூங்கினாளா என்று ஒரு வீட்டில்கூடக் கேட்கவில்லை. அவள் தூங்கி ஐந்து மாதமாகியிருந்தது. களைப்பு எலும்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது, புடவையை மடிப்பதுகூட மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது, வீட்டுச் சாவி எங்கே என்று கையில் சாவியை வைத்துக்கொண்டு தேடினாள்.

அந்தக் களைப்பில்தான் அது நடந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு எழுத்துப் பிசகாதவள், பிறந்து ஒன்பது நாளான ஒரு பெண்குழந்தையை இறப்புப் பதிவேட்டில் எழுதிவிட்டாள். குழந்தையின் அப்பா சான்றிதழை வாங்கி வாசித்துவிட்டு அவள் முன்னால் திருப்பி வைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. மாலைக்குள் மெமோ வந்தது: கவனக்குறைவு, பதினைந்து நாளில் விளக்கம். அவள் பதிவேட்டின்மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். அழுதபோதும் சூடு வந்தது, மோட்டார் ஓடியது, வாசலில் நின்றவன் காது செவந்துட்டு என்று கத்தினான்.

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், தெருக்கூட்டும் மாடத்தி உள்ளே வந்தாள். அவளுக்கும் இவளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள், தோளில் கிடந்த துண்டைக் குழாயில் நனைத்துப் பிழிந்து, கேட்காமலே சங்கரவடிவின் பிடரியில் போட்டாள்.

"இப்படி வச்சுக்கிடணும் யக்கா. காதுக்குப் பின்னால முதல்ல. கொஞ்சம் எறங்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு வந்து போய் நாலு வருஷமாச்சுல்லா." மாடத்தி தரையிலேயே உட்கார்ந்தாள். "காலையில ஏழு மணிக்கு பஜார் தெருவைக் கூட்டிக்கிட்டே போவேன். நான் போகப் போகத் தெருவிளக்கு ஒண்ணொண்ணா எரியும். வெயில்ல எரியும். நான் தாண்டிட்டா அணையும்."

சங்கரவடிவுக்கு ஞாபகம் வந்தது. பகலில் தெருவிளக்கு எரிந்து வீணாகிறது, நடவடிக்கை எடுக்கவும் என்று அந்த வருடம் முப்பது நாற்பது மனு வந்தது. தபால் பதிவும் அப்போது அவளிடம்தான் இருந்தது. ஒவ்வொன்றிலும் அவள்தான் முத்திரை குத்தினாள்.

"ஒருத்தருமா உன்னைப் பாக்கல?"

"விளக்கத்தான் யக்கா பாத்தாங்க. யாரும் கீழ பாக்கல."

அதைச் சொல்லும்போது மாடத்தி சிரித்தாள். சங்கரவடிவால் சிரிக்க முடியவில்லை. முத்திரை குத்திய கையை எடுத்துப் பிடரியில் கிடந்த துண்டின் ஈரத்தில் வைத்துக்கொண்டாள்.

புரட்டாசியில் ஊர்க் கோவில் தேரோட்டம். சுற்றுப்பட்டு இருபது கிராமத்திலிருந்து சனம் வரும், தொட்டி நிறைந்தாக வேண்டும், மூன்று நாளாகக் கரண்ட் என்பதே கிடையாது. காலை ஒன்பது மணிக்கெல்லாம் மோட்டார் அறையைச் சுற்றிக் கூட்டம். கதவைச் சாத்தி வைத்தார்கள், காற்று புகாமலிருக்க இடுக்கில் சாக்கு வைத்தார்கள், மூன்று சுக்குக் காப்பி கொடுத்தார்கள், வால்வு ஆள் தன் கடமையைச் செய்தான். திரவியம் புது வேட்டியில் வந்திருந்தார்.

"சார், மேசை?" என்றாள் சங்கரவடிவு.

"தேர் நிலைக்கு வரட்டும்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

சூடு வந்தது. அதுவரை வந்ததிலேயே பெரிது. மோட்டார் உறுமி எழுந்தது, குழாய்க்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது, காது செவந்துட்டு என்று ஊர் முழுக்கக் குரல் ஓடியது, கிரைண்டர்கள் சுற்றின, தேரில் கட்டிய சீரியல் பல்புகள் எரிந்தன. மூன்றாவது நிமிடத்தில் அவள் எழுந்தாள். சாக்கைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். நடந்தாள். பின்னால் மோட்டார் நின்றது. "யக்கா, யக்கா" என்று கூட்டம் தொடர்ந்தது, யாருக்கும் அவளைத் தொட்டு நிறுத்தத் தைரியம் இல்லை, அவள் போகிற வழியில் கடைகளின் விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தன.

அலுவலகத்தில் ஜன்னலோரம் தலைமை எழுத்தர் தினசரி வாசித்துக்கொண்டிருந்தார். அவள் போய் அவர் முன்னால் நின்றாள். மேலே டியூப்லைட் கண்ணைக் கூசும்படி எரிந்தது.

"எந்திரிங்க" என்றாள்.

அவர் எழுந்தார். அவள் உட்கார்ந்து ஜன்னல் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்துவைத்தாள். வேப்பமரம் அசைந்தது. காற்று அவள் கழுத்தில் பட்டது, காதில் பட்டது, விளக்கு மெல்ல மங்கி அணைந்தது.

வாசலில் இரைச்சல் கிளம்பியது. ஊருக்குத் தண்ணி வேண்டாமா, தேர் ஓட வேண்டாமா, ஒரு பொம்பளைக்கு இவ்வளவு வீம்பா என்றார்கள். மாவு மில் சுடலைமணிதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார். மாடத்தி துடைப்பத்தோடு நடுவில் வந்து நின்றாள். "நாலு வருஷம் முன்ன பட்டப்பகல்ல உங்க தெருவுல விளக்கு எரிஞ்சுதே, அது நான்" என்றாள். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து சுடலைமணியின் மனைவி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "எங்க வீட்டு மிக்ஸி பிளக்கு மாட்டாமயே சுத்துது, ரெண்டு வருஷமாச்சு, கெழக்க பாத்து வச்சுத் துணியைப் போட்டு மூடியிருக்கேன்" என்றாள். தையல்காரி ஒருத்தி தன் வீட்டு ரேடியோ தானாகப் பாடுவதைச் சொன்னாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் பள்ளி மணி நேரம் தவறி அடிப்பது தன்னால்தான் என்றார். ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள், கெஞ்சும் குரலில் இல்லை, அழுகையும் இல்லை, பஸ் வரவில்லை என்று சொல்வது போல அலுப்பாகச் சொன்னார்கள்.

ஆண்கள் திரும்பி அவரவர் வீட்டுப் பெண்களைப் பார்த்தார்கள். சுடலைமணி குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, அப்போ நம்ம மில்லு ஓடுமா?" என்று கேட்டார். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அன்று பெண்கள் கிணற்றில் இறைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதல் தடவையாக ஆண்களும் இறைத்தார்கள். தேர் ஓடியது, மத்தியானம் நிலைக்கு வந்தது. தண்ணீர் இல்லாமல் யாரும் சாகவில்லை.

கூட்டம் கலைந்தபின் திரவியம் ஜன்னல் மேசைக்கு வந்தார். அவளைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"ராத்திரி தூக்கம் வராம மொட்டைமாடியில நடக்கிறது, சும்மா சும்மா அழுறது... அதுவும் இதுதானாம்மா?"

"யாருக்கு சார்?"

"வீட்டுல."

"இதுதான் சார்."

"ரெண்டு வருஷமா வாசல் விளக்கு நினைச்ச நேரத்துல எரியுது, அணையுது. சுவிட்ச் ரிப்பேர்னு மூணு தரம் ஆள் கூப்பிட்டு மாத்தினேன்."

பிறகு டிபன் பாக்ஸைத் தானே எடுத்துத் தலைமை எழுத்தரின் பழைய மேசையில் வைத்தார். மறுநாள் 'நிர்வாக நலன் கருதி' முந்தைய உத்தரவு ரத்தானது, மெமோவும் கோப்பிலிருந்து காணாமல் போனது. அரைமணித் தூக்கத்துக்கு மட்டும் விதியில் இடமில்லை. மதியம் இரண்டிலிருந்து இரண்டரை வரை பிறப்பு இறப்புப் பதிவுக்கு யாரும் வரக்கூடாது என்று கையால் எழுதி ஒட்டினார்கள்.

சங்கரவடிவின் சூடு இன்னும் பதினாலு மாதம் இருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போனது. கரண்டும் ஒழுங்காக வரத் தொடங்கியது. மாவு மில் பழைய இடத்துக்கே போனது. அவள் எரிந்ததை ஊர் மறந்தது, பழகிய வேகத்திலேயே மறந்தது.

ஆறு வருடம் கழித்து, அவள் ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தபோது, பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் கரண்ட் நிறுத்துவார்களே, அப்படிப்பட்ட ஒரு நாளில், முற்பகலில், அறையின் உள் மூலையில் ஒரு டியூப்லைட் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தது. அதற்குக் கீழே ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். காது சிவந்திருந்தது, தட்டச்சு விரல்கள் நின்றிருந்தன, கண் நிறைந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தார்கள்.

முறைப்படி ஜன்னல் மேசைக்கு அடுத்த ஆள் ஜெசிந்தா இல்லை, அவளுக்கு மேல் இரண்டு பேர் இருந்தார்கள். சங்கரவடிவு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதலில் மூலைக்குப் போய் அந்த விளக்கின் சுவிட்சை அணைத்தாள். பிறகு தன் துண்டைத் தண்ணீர்ப் பாட்டிலில் நனைத்துப் பிழிந்து ஜெசிந்தாவின் பிடரியில் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஜன்னலோர மேசையில் உட்காரவைத்தாள், ஜன்னல் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்துவைத்தாள்.

"கரண்டு வந்துட்டுல்லா?" என்று வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"வரல" என்றாள் சங்கரவடிவு. "நீங்க உங்க மனுவைக் குடுங்க."